சிங்காநல்லூர் மில் தொழிலாளர் காலனி: யார், எப்போது கட்டினது?

நொய்யல்கரை:
வணக்கமுங்க. எங்க காலனி மில் தொழிலாளிகளுக்கு அரசாங்க மானியத்துல கட்டினதுங்கறாங்க. ஹவுசிங் போர்டு கட்டுச்சுன்னு ஒருத்தர், மில்லுதான் கட்டுச்சுன்னு இன்னொருத்தர். 1975-ல இருந்து வில்லங்கம் போட்டுப் பார்த்தேன், முதல் 20 வருஷத்துக்கு ஒரு பதிவும் இல்லை. காலனி மலருக்கு வரலாறு எழுதணும். எங்க தேடறதுங்க?

பீளமேடு கணக்குப்பிள்ளை:
வில்லங்கத்துல வராதுங்க. அதுல பதிவான பத்திரம் மட்டும்தான் ஏறும். அரசு நிலம் எடுத்தா அவார்டோட (நில எடுப்பு இழப்பீட்டு உத்தரவோட) முடிஞ்சுரும், சார்பதிவாளர் ஆபீசுக்குப் பத்திரமா வராது. ஒதுக்கீட்டு ஆணையும் பதிவாகாது. தவணை கட்டி முடிச்சு கிரயம் ஆனப்பதான் முதல் பதிவே விழும். வெறுமையா இருக்கறதே, நிலம் அரசு எடுத்ததா இருக்கலாம்னு ஒரு தடயம்.

ரெண்டு பேர் சொல்றதும் சரியா இருக்க வாய்ப்பிருக்கு. 1952-ல மத்திய அரசு கொண்டுவந்த தொழிலாளர் மானிய வீட்டுத் திட்டத்துல மாநில அரசும் கட்டலாம், கூட்டுறவுச் சங்கமும் கட்டலாம், மில் முதலாளியும் கட்டலாம். மாநில அரசுக்குப் பாதி மானியம், பாதி கடன். முதலாளிக்கும் சங்கத்துக்கும் கால் பங்குதான் மானியம். அதனால "மில் கட்டின" வீட்டுலயும் அரசுப் பணம் இருக்கலாம். 1930-கள்ல பைகாரா மின்சாரம் வந்து மில்லுக பெருகினப்ப கட்டின லைன் வீடுகளை இதோட சேர்த்துராதீங்க. அதுக்கு இந்த மானியம் கிடையாது.

காகிதத்துல எந்த வாரியம் பேர் இருக்குன்னு பாருங்க. வீட்டு வசதி வாரியம் 1961-ல, குடிசை மாற்று வாரியம் 1970-ல வந்துச்சு. அதுக்கு முந்தின தேதியில அந்தப் பேர் இருந்தா சந்தேகப்படுங்க.

ஆர்டிஐ ஆறுமுகம்:
தகவல் உரிமைச் சட்டத்துல (ஆர்டிஐ), காகிதத்துல பேர் இருக்கற வாரியத்தோட கோவை அலுவலகத்துக்கு ஒரு மனு, கலெக்டர் ஆபீசுக்கு ஒரு மனு போடுங்க. ரூ.10 கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டுங்க. "எங்கள் காலனி வரலாறு தருக"ன்னு எழுதினா திருப்பிருவாங்க. இருக்கற ஆவணத்தோட நகலைத்தான் கேட்க முடியும். கலெக்டர் ஆபீசுல நில எடுப்பு அவார்டு. வாரியத்துல மனை வரைபடம், திட்ட ஒப்புதல் ஆணை, கட்டட ஒப்பந்தம், பணி முடிப்புச் சான்று. ஒதுக்கீட்டுப் பதிவேட்டுல பேர் கேட்காதீங்க, தனிநபர் விவரம்னு மறுப்பாங்க. வீட்டு எண்ணிக்கையும் முதல் ஒதுக்கீட்டுத் தேதியும் போதும். 30 நாள்ல பதில் வரலைன்னா, அடுத்த 30 நாளுக்குள்ள முதல் மேல்முறையீடு.

நொய்யல்கரை:
நன்றிங்க. ஆனா வரி ரசீதுல இருக்கற சர்வே நம்பரும் பழைய ஆணையில இருக்கறதும் ஒத்துப்போகலைங்களே?

பீளமேடு கணக்குப்பிள்ளை:
பழசு கிராமத்துச் சர்வே நம்பர், புதுசு நகர அளவை நம்பர். வார்டு, பிளாக் மாறியிருக்கும். தாலுகா ஆபீசுல ரெண்டையும் இணைக்கற ஒப்பீட்டுப் பட்டியல் கேளுங்க. அவார்டு முழுக்கப் பழைய நம்பர்லதான் இருக்கும், அதனால முதல்ல இதை முடிச்சுட்டு மனு போடுங்க. புது நம்பரை மட்டும் எழுதினா "ஆவணம் இல்லை"ன்னு பதில் வந்துரும்.

இன்னொண்ணு: சிங்காநல்லூர் 1981 வரைக்கும் தனி நகராட்சி. அதுக்கு முந்தின வீட்டு வரிப் பதிவேட்டை "சிங்காநல்லூர் நகராட்சி, 1981-க்கு முன்"னு குறிச்சு மாநகராட்சியில கேளுங்க. ஈரோட்டுப் பக்கம் இதே மாதிரி தேடறவங்க, 1979-ல மாவட்டம் பிரிஞ்சதுக்கு முந்தின கோப்பைக் கோவை கலெக்டர் ஆபீசுலயும் பாருங்க.