கேனான் ஆர்5 மார்க் 2 வந்துருச்சு, 5டி மார்க் 4-ஐ விட்டுட்டு மாறலாமா?

தொண்டி_கேமரா:
வணக்கம் மக்களே. 2024 ஜூலை 17 அன்னைக்கு கேனான்காரன் ஆர்5 மார்க் 2 அறிவிச்சுட்டான், சரியா ஆடி ஒண்ணாந்தேதி, நமக்கு முகூர்த்தம் இல்லாத மாசம், அதனால உக்காந்து யோசிக்க நேரம் இருக்கு. என்கிட்ட இருக்கது 5டி மார்க் 4, கூட 24-70, 70-200, 100-400 மார்க் 2, எல்லாமே ஈஎஃப் லென்ஸ், அதாவது கேனானோட பழைய டிஎஸ்எல்ஆருக்கு மாட்டுறது. சோறு போடுறது கல்யாணம், தொண்டி திருவாடானை தேவிபட்டினம் ராம்நாடு சைடு. மனசுக்குப் புடிச்சது பறவை, தை மாசியில தனுஷ்கோடி பக்கம் பூநாரை, ஆலா (கடல்ல பாஞ்சு மீன் புடிக்கிற பறவை) எடுக்கக் கெளம்பிருவேன். புது பாடில (லென்ஸ் இல்லாத கேமரா) 45 மெகாபிக்சல் ஸ்டேக்டு சென்சார் (சட்டுனு படிச்சு முடிக்கிற அடுக்குச் சென்சார்), செகண்டுக்கு 30 படம், பட்டனை முழுசா அமுக்குறதுக்கு அரை செகண்டு முன்னாடி நடந்ததையும் சேத்துப் புடிக்கிற ப்ரீ-கேப்சர், பறவையோட கண்ணைத் தேடிப் புடிக்கிற ஃபோகஸ். அறிவிச்ச விலை அமெரிக்காவுல 4299 டாலர், நம்மூர்ல நாலு லட்சத்துக்கு மேல போகும், இஎம்ஐ போட்டுத்தான் எடுக்கணும். மாறலாமா, இல்ல 5டியை வச்சே ஓட்டலாமா? மனசுல பட்டதைச் சொல்லுங்க.

கீழக்கரை_ஸ்டூடியோ:
தம்பி, நான் வேணாம்னுதான் சொல்வேன். கணக்கு சொல்றேன் பாரு. நாம குடுக்குற ஆல்பம் 12க்கு 36, ஒரு பக்கம் 12க்கு 18 இன்ச். 300 டிபிஐல போட்டா 3600க்கு 5400, பெருக்கினா 19 மெகாபிக்சல் சொச்சம். உன் 5டி 30 குடுக்குது. அதுலயும் ஒரு பக்கத்துக்கு ஒரே படமா வைக்கிறோம்? நாலஞ்சு வைக்கிறோம். பொண்ணு வீட்டுக்காரங்க பாக்குறது தோல் நிறம் நல்லாருக்கா, அத்தா கண்ணு கலங்குனது வந்திருக்கா, சொந்தக்காரங்க யாரும் விட்டுப் போகலையான்னுதான், சென்சார் பேரை இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல. நாலு லட்சம் இருந்தா ரெண்டு நல்ல லைட்டு, ஒரு 85 எம்எம் ப்ரைம் (ஜூம் இல்லாத லென்ஸ்), முக்கியமா ரெண்டாவது பாடி வாங்கு. நீ போட்ட லிஸ்ட்ல ரெண்டாவது பாடியே இல்லையே, ஒரே பாடியை நம்பி எப்டிப்பா முகூர்த்தத்துக்குப் போற?

அரிச்சல்முனை_ஆலா:
பாய் சொல்றது கல்யாணத்துக்குச் சரி, ஆனா அவர் கேட்டது கல்யாணம் மட்டும் இல்லையே. ஆலா மீன் அடிக்கிறதை எடுக்கப் போனவங்களுக்குத் தெரியும். காத்துக்கு எதுத்தாப்புல தலையைக் கவுத்து தண்ணியவே பாத்துக்கிட்டு ஒரே இடத்துல நிக்கும், றெக்கை மட்டும் அடிச்சுக்கிட்டே இருக்கும், சடார்னு றெக்கையை ஒடுக்கிட்டு விழும். நம்ம கண்ணு பாத்து விரல் அமுக்குறதுக்குள்ள தண்ணி தெறிச்சதுதான் மிஞ்சும். அந்தப் போன அரை செகண்டைத்தான் ப்ரீ-கேப்சர் எடுத்துக் குடுக்குது. 5டி மார்க் 4 2016ல வந்தது, செகண்டுக்கு 7 படம், 61 ஃபோகஸ் பாயிண்டும் நடுவுல கும்பலா கெடக்கும், பறவை ஓரத்துக்குப் போனா ஃபோகஸ் அம்புட்டுத்தான். திறமை எம்புட்டு இருந்தாலும் இது விரலால ஆகுற வேலை இல்ல.

கீழக்கரை_ஸ்டூடியோ:
அதுக்கு எதுக்கு நாலு லட்சம்? ஆர்6 மார்க் 2-லயும் முன்கூட்டியே எடுக்குற ரா பர்ஸ்ட் (சுருக்காத படத்தைத் தொடர்ச்சியா எடுக்குறது) இருக்கு, அதுவும் அரை செகண்டுதான். அது வந்தப்ப விலை 2499 டாலர். 24 மெகாபிக்சல் ஆல்பத்துக்குத் தாராளம். ஒரு ஆர்5 மார்க் 2 காசுல கிட்டத்தட்ட ரெண்டு ஆர்6 மார்க் 2, ஒண்ணுல 24-70 ஒண்ணுல 70-200 மாட்டிக்கிட்டு நின்னா மண்டபத்துல லென்ஸ் கழட்டுற வேலையே இல்ல.

அரிச்சல்முனை_ஆலா:
இருக்குதான் பாய், இல்லைன்னு சொல்லல. ஆனா அது மொத்தமா ஒரே ஃபைலா சேவ் ஆகும், அதுல இருந்து ஒவ்வொரு படமா பிரிச்சு எடுக்கணும், ஒரு காலைநேரம் எடுத்ததைப் பிரிக்கவே ராத்திரி முழுக்கப் போயிரும். அதோட அந்த சென்சார் ஸ்டேக்டு இல்ல, எலக்ட்ரானிக் ஷட்டர்ல வேகமா அடிக்கிற றெக்கை கோணிக்கிட்டு வரும். ஆர்5 மார்க் 2 சென்சாரை மளமளன்னு படிச்சு முடிச்சிரும், கோணல் ரொம்பக் குறைவு. இன்னொண்ணு, பூநாரை கிட்ட வராது, நாமளும் தண்ணிக்குள்ள எறங்கி அதை வெரட்டக் கூடாது, அதனால 400 எம்எம்ல எடுத்தாலும் க்ராப் பண்ணித்தான் ஆகணும். 24ல பாதியை வெட்டுறதும் 45ல பாதியை வெட்டுறதும் ஒண்ணா?

மண்டபம்_வடகடல்:
ரெண்டு பேரும் மெகாபிக்சலையே பேசுறீங்க, உப்பை யாரும் பேசல. நான் படகுல போய் எடுக்குறவன். வடகடல் (பாக் நீரிணைப் பக்கம்) கொஞ்சம் அமைதி, தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் இப்ப கச்சான் காத்து அடிக்கிறப்ப நின்னு பாருங்க, மணலும் உப்புத்தண்ணித் திவலையும் சேந்து வந்து அப்பும். வீட்டுக்கு வந்து பாத்தா ஃப்ளாஷ் மாட்டுற தகட்டுல வெள்ளையா பூத்திருக்கும், டயலைச் சுத்துனா நறநறங்கும். நாலு லட்சம் பாடியா இருந்தாலும் உப்பு பாகுபாடு பாக்காது, வெதர் சீலிங்னு போட்டிருக்கது மழைத் தூத்தலுக்கும் தூசிக்கும்தான், தண்ணி உள்ள போனா வாரண்டியை நம்பி இருக்காதீங்க. நம்ம ஜில்லாவுல இந்த அளவு பாடியை உள்ள பிரிச்சுப் பாக்க ஆளு கெடையாது, மதுரையோ சென்னையோதான் அனுப்பணும், அது திரும்பி வர்ற வரைக்கும் கையில என்ன இருக்கு? அதனால புது பாடி எடுத்தாலும் 5டியைக் குடுத்துறாதீங்க. எடுத்துட்டு வந்தா மொத வேலையா நல்ல தண்ணில நனைச்சு ஒட்டப் புழிஞ்ச துணியால துடைங்க, அப்புறம் காஞ்ச துணி. வாயால ஊதவே கூடாது. வாங்குன அன்னைக்கே இன்சூரன்ஸ் போடுங்க.

துபாய்_ராம்நாடு:
அண்ணே, இங்க வாங்குனா கம்மியா வருமே, அடுத்த மாசம் ஊருக்கு வர்றேன், கொண்டாந்து தரவா?

கீழக்கரை_ஸ்டூடியோ:
வேணாம் தம்பி, நல்ல மனசுலதான் கேக்குற, ஆனா ஏர்போர்ட்ல கணக்கு வேற. இந்த 2024 கணக்குப்படி 50,000 ரூபா வரைக்கும்தான் சும்மா விடுவாங்க, மேல உள்ளதுக்கு 38.5 சதவீதம் வரி. இந்த பாடிக்கு வரியே ஒரு லட்சத்துக்கு மேல வந்துரும். வரி கட்டாம கொண்டு வந்து மாட்டுனா உனக்கும் கஷ்டம் அவருக்கும் கஷ்டம். தொண்டித் தம்பி ஜிஎஸ்டி நம்பர் வச்சிருந்தா இங்க பில்லுல வர்ற 18 சதவீதத்தை இன்புட் கிரெடிட்டா எடுத்துக்கலாம், அந்த லாபம் வெளிநாட்டு பில்லுல இல்ல.

பரமக்குடி_வீடியோ:
வீடியோக்காரனா ஒரு வார்த்தை. 2020ல வந்த பழைய ஆர்5ல 8கே எடுத்தா சூடாகி நின்னுரும், அது ஊரறிஞ்ச கதை. புதுசுல 8கே 60 ரா இருக்கு, சூட்டையும் கொறைச்சிருக்கோம்னு சொல்றாங்க, ஆனா ஃபேன் வச்ச கிரிப்பைத் தனியா விக்கிறாங்க பாருங்க, அதுவே சேதி சொல்லுது. நம்ம ஊரு சித்திரை வெயில்ல தென்னங்கீத்துப் பந்தலுக்குள்ள நாலு மணிநேரம் ஓடுமான்னு யாராவது ஓட்டிப் பாத்து சொல்ற வரைக்கும் வீடியோவை நம்பி இதை வாங்காதீங்க. கூடுதல் செலவையும் எழுதிக்கங்க: உங்க 5டி சிஎஃப் மெமரி கார்டு இதுல போகாது, சிஎஃப்எக்ஸ்பிரஸ் டைப் பி கார்டு வாங்கணும், ரீடர் வாங்கணும். முழு ராவுல செகண்டுக்கு 30 படம்னா செகண்டுக்கே ஒரு ஜிபிக்கு மேல, ஹார்ட் டிஸ்க்கு கம்ப்யூட்டரு எல்லாம் சேந்து ஏறும். பேட்டரியும் புதுசு, பழசைப் போட்டா சில வசதி வேலை செய்யாது. நாலுன்னு சொன்னது அஞ்சை நெருங்கிரும்.

அரிச்சல்முனை_ஆலா:
செலவு உண்மைதான், மறுக்கல. ஆனா 2020க்கு அப்புறம் கேனான் புது டிஎஸ்எல்ஆரே விடல, 5டியோட மறுவிலை வருசா வருசம் எறங்கும், என்னைக்கா இருந்தாலும் ஆர்5 மாதிரி உள்ள கண்ணாடி இல்லாத மிரர்லெஸ்ஸுக்கு வந்துதான் ஆகணும். அடாப்டர் போட்டா ஈஎஃப் லென்ஸ் எல்லாம் நல்லாவே ஓடும், லென்ஸுக்கு இப்ப காசு போட வேணாம். பாய், உங்க பக்கத்துக்கே வர்றேன், பள்ளிவாசல்ல நிக்காஹ் ஓதுறப்ப 5டி கண்ணாடி டப்பு டப்புன்னு அடிச்சா இமாம் திரும்பிப் பாக்குறாரா இல்லையா? சத்தமே இல்லாம எடுக்குறது கல்யாணத்துக்கும் உதவுற விசயம்தானே.

கீழக்கரை_ஸ்டூடியோ:
சத்தமில்லாதது ஆர்6லயும் இருக்குப்பா. ஆனா எல்இடி வால் வச்ச மண்டபத்துல ஆர்6 எலக்ட்ரானிக் ஷட்டர்ல பட்டை பட்டையா வரும், அந்த ஒரு எடத்துல ஸ்டேக்டு சென்சார் நல்லது, அதை ஒத்துக்கிறேன். என் பேச்சு ஒண்ணுதான், சோறு போடுற வேலைக்கு எது வேணுமோ அதுக்குக் கடன் வாங்கு, ஆசைக்குச் சேத்து வச்சு வாங்கு. ஆலா படம் இஎம்ஐ கட்டுமா சொல்லு.

அரிச்சல்முனை_ஆலா:
இன்னைக்குக் கட்டாது பாய். ஆனா இந்தக் கரையில என்னென்ன பறவை வருதுன்னு நல்ல படமா எடுத்து வைக்க ஆளு கம்மி. மன்னார் வளைகுடா 21 தீவும் 1986லயே தேசியப் பூங்கா ஆயிருச்சு, சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் ரெண்டும் ராம்சர் தளம் (உலக அளவுல முக்கியமான ஈரநிலம்), வெளியூர்க்காரங்க வந்து எடுத்துட்டுப் போறாங்க. இங்கயே பொறந்து, எந்தக் காத்துக்கு எந்தப் பறவை எங்கிட்டு ஒதுங்கும்னு தெரிஞ்ச ஆளு எடுத்தா அது வேற. அதை வெறும் ஆசைன்னு ஒதுக்க எனக்கு மனசு வரல.

தொண்டி_கேமரா:
எல்லாருக்கும் நன்றி, நெசமாவே நெறைய தெளிவு கெடச்சுச்சு. ரெண்டாவது பாடி இல்லாதது எவ்ளோ பெரிய ஓட்டைன்னு பாய் சொல்லவும்தான் ஒறைக்குது. 5டியை விக்கல, அது ரெண்டாவது பாடி. ஆர்5 மார்க் 2 மதுரையில வாடகைக்கு வந்ததும் ஆவணி முகூர்த்தம் ஒண்ணுக்கு எடுத்துப் பாக்குறேன், கல்யாணத்துல வித்தியாசம் தெரியலைன்னா ஆர்6 மார்க் 2, தெரிஞ்சா தைக்குள்ள முன்பணம் சேத்துட்டு ஆர்5. அதுவரைக்கும் இஎம்ஐ போடல.

கீழக்கரை_ஸ்டூடியோ:
நான் இன்னும் ஆர்6தான்னு சொல்வேன், ஆனா இந்த வழி சரி. வாடகைக்கு எடுக்குறப்ப அடாப்டரும் சிஎஃப்எக்ஸ்பிரஸ் கார்டும் ரெண்டு பேட்டரியும் சேத்துக் கேளு, இல்லேன்னா மண்டபத்துல போய் நிக்கிறப்பதான் தெரியும். அந்தக் கல்யாணத்து ரா ஃபைல் ரெண்டு பாடிலயும் எடுத்ததை இங்க போடு, பாத்துட்டு மறுபடி பேசுவோம்.

அரிச்சல்முனை_ஆலா:
வாடகையை ரெண்டு நாளா எடுங்க. மறுநாள் விடியக்காலம் நான் தனுஷ்கோடி செக்போஸ்ட்கிட்ட நிக்கிறேன், கடலோரம் வருசம் முழுக்க ஆலா இருக்கும், ப்ரீ-கேப்சரைப் போட்டுப் பாத்துருவோம்.