பார்கின்சன் நோய்: வாசற்படியில் நின்றுபோகும் கால். உங்கள் வீட்டு அனுபவம்?

பாலக்கோட்டு மகள்:
நடுக்கம், மாத்திரை எல்லாம் இங்கே எல்லோருக்கும் தெரிந்த கதைதான். நான் சொல்ல வந்தது ஒரு காலை நேரத்தை மட்டும். தக்காளித் தோட்டத்தில் மேடாக மண் அணைத்த பார்களை ஒவ்வொன்றாகத் தாண்டி வந்த அப்பா, வீட்டு வாசலில் நின்றுவிட்டார். பாதம் தரையில் ஒட்டிக்கொண்டது போல இருந்தது. குதிகால் மட்டும் துடிக்கிறது, அடி எழும்பவில்லை. மார்க்கெட் வண்டி வேறு காத்திருந்தது. "ஏம்ப்பா, பாரெல்லாம் நல்லாத் தாண்டி வந்தியே, இங்க வந்து என்ன நடிப்பு?" என்று கத்திவிட்டேன். கதவு நிலையைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். முகத்தில் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. முகம் அப்படி இறுகிப்போவதும் இந்த நோய்தான் என்று எனக்கு அப்போது தெரியாது. உள்ளே எவ்வளவு வலித்திருக்கும்?

ஓசூர் ஷிஃப்ட்காரன்:
அக்கா, அது நடிப்பே இல்லை. என் அம்மாவும் கதவுக்கு நேரே வந்தால் நின்றுவிடுவார். பெங்களூரில் பிசியோதெரபி கொடுத்த பெண் தரையில் குறுக்கே டேப் ஒட்டி, "கோட்டைத் தாண்டுங்கம்மா" என்றார். அதுவரை சுவரைப் பிடித்து நின்ற அம்மா விறுவிறுவென்று ஆறு கோட்டையும் தாண்டினார். நான் அங்கேயே அழுதுவிட்டேன். யோசிக்காமல் நடக்கும் பழக்க நடைக்குத்தான் டோபமைன், அதாவது இந்த நோயில் மூளையில் குறைந்துபோகும் ரசாயனம், அதிகம் வேண்டுமாம். கண்ணுக்கு எதிரே ஒரு கோடு இருந்தால் மூளை வேறு வழியாகக் காலைத் தூக்குகிறது. உங்கள் அப்பாவுக்குப் பார்தான் கோடு. வீட்டு வாசலில் நாங்கள் கோலமாவால் கோடு போட்டோம்.

அரூர் பேரன்:
தாத்தாவுக்குப் போன மாதம் மாத்திரையை நிறுத்திவிட்டு, பூனைக்காலி விதைப் பொடி கொடுத்தோம். முதல் இரண்டு நாள் நன்றாக இருந்தார். மூன்றாம் நாள் கட்டிலில் புரண்டு படுக்கக்கூட முடியவில்லை. "என்னைத் திருப்பிப் போடுடா" என்று இரவெல்லாம் கூப்பிட்டார். இயற்கை மருந்துதானே, ஏன் இப்படி?

கிருஷ்ணகிரி மெடிக்கல்:
தம்பி, மூளைக்குள் டோபமைனாக மாறும் லெவோடோபா பூனைக்காலியில் இருப்பது உண்மை. தாத்தாவின் மாத்திரையில் இருக்கும் மருந்தும் அதுதான். ஆனால் ஒரு கரண்டிப் பொடியில் எவ்வளவு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மாத்திரையில் கூடவே கார்பிடோபாவும் உண்டு. மருந்து மூளைக்குப் போகும் முன்பே வீணாகாமல் காப்பது அதுதான். மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து, இன்றே டாக்டரிடம் போங்கள்.

இயற்கை என்கிறீர்களே, சர்ப்பகந்தாவும் மூலிகைதான். அதிலிருந்து எடுத்த ரெசர்பின் என்ற மருந்தைக் கொடுத்தால் மூளையில் டோபமைன் வற்றி, முயல்கள் காது தொங்கி அசையாமல் கிடக்கும். 1957இல் ஸ்வீடனின் விஞ்ஞானி அர்விட் கார்ல்சன் அவற்றுக்கு எல்-டோபா (லெவோடோபாதான்) செலுத்தினார், சற்று நேரத்தில் எழுந்து ஓடின. உடல் அசைய டோபமைன் வேண்டும் என்று அங்கேதான் புரிந்தது. 2000இல் அவருக்கு நோபல் கிடைத்தது. அவர் முயலைக் கண்காணித்துக்கொண்டே அளந்து கொடுத்தார். நாம் தாத்தாவுக்கு அளவில்லாமல் கொடுக்கலாமா?

இன்னொன்று. மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் கொடுங்கள். பருப்பு, பால், கறி, முட்டையோடு சேர்த்துக் கொடுத்தால் புரதமும் மருந்தும் ஒரே வாசலுக்கு முண்டியடிக்கும், மருந்து பின்தங்கிவிடும். மலச்சிக்கலைக் கவனியுங்கள். மாத்திரை போட்ட நேரத்தை நோட்டில் எழுதுங்கள், டாக்டர் அதைத்தான் கேட்பார்.

என் கதை சின்னது. பல வருடம் முன்பு வாந்தி என்று வந்த பெரியவருக்கு, பார்கின்சன் உண்டா என்று கேட்காமலே மெடோகுளோபிரமைடு கொடுத்தேன். அது டோபமைனை மறிக்கும் மருந்து. இரண்டு நாள் கழித்து மகன் அவரைத் தூக்கிக்கொண்டு வந்தான். அன்றிலிருந்து கேட்காமல் கொடுப்பதில்லை.

அரூர் பேரன்:
பொடியை நிறுத்திவிட்டோம் அண்ணா. காலையில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிறோம்.

பாலக்கோட்டு மகள்:
ஓசூர் தம்பி, எங்கள் வீட்டில் சிமெண்ட் தரை, கோலமாவு வழுக்கும் என்று பயமாக இருக்கிறது. மஞ்சள் டேப் வாங்கி வந்திருக்கிறேன். ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் எவ்வளவு இடைவெளி விட்டீர்கள்? அப்பா இப்போதுதான் மாத்திரை போட்டார். அவர் எழுந்து வருவதற்குள் ஒட்டிவிட வேண்டும்.