வாதத்தை வலுப்படுத்தும் சான்று: இரண்டு விடைகளும் பொருந்துவதுபோல் தோன்றினால் எதைத் தேர்வது?

பாயான் லெப்பாஸ் மாணவி:
அனைவருக்கும் வணக்கம். அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளுக்கான எல்சாட் தேர்வுக்குப் பினாங்கில் வீட்டிலிருந்தே படித்து வருகிறேன். 2024 ஆகஸ்ட் முதல் புதிர்ப் பகுதி நீக்கப்பட்டு, தலா 35 நிமிடங்களில் இரண்டு தர்க்கப் பகுதிகள் மதிப்பெண்ணுக்கு வருவதால், இதில் இடறினால் ஈடுகட்டுவது கடினம். "வாதத்தை மிகவும் வலுப்படுத்துவது எது" என்னும் வினாக்களில்தான் தடுமாறுகிறேன். நேற்றைய பயிற்சியொன்றை நம்மூர்ச் சூழலுக்கு மாற்றித் தருகிறேன்: ஓர் அடுக்குமாடியில் கொசுப்புகை அடித்த பிறகு டிங்கி நோயாளிகள் குறைந்தனர், ஆகவே புகையடித்ததே காரணம். "புகை மருந்து வளர்ந்த கொசுக்களைக் கொல்லும்" என்பதை நான் தேர்ந்தேன். விடைத்தாளோ, "அதே அளவு மழை பெய்த, புகையடிக்கப்படாத பக்கத்து அடுக்குமாடியில் நோயாளிகள் குறையவில்லை" என்கிறது. வாதம் பேசவே பேசாத கட்டடம் எப்படிச் சான்றாகும்?

பட்டர்வொர்த் வாசகர்:
தங்கையே, உங்கள் விடை தவறன்று, வலு குறைந்தது. மருந்துக்குக் கொசு சாகும் என்பது, நோய் அதனால் குறைந்திருக்கக்கூடும் என்பதோடு நின்றுவிடுகிறது. இந்த வாதத்தின் ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது: "பிறகு குறைந்தது" என்பதிலிருந்து "அதனால் குறைந்தது" என்று ஒரே தாவலாகத் தாவியிருக்கிறார்கள். மழை ஓய்ந்ததால்தான் நோய் குறைந்தது என்று ஒருவர் மறுத்தால், அப்படியானால் பக்கத்திலும் குறைந்திருக்க வேண்டுமே என்று திருப்பிக் கேட்க விடைத்தாளின் கூற்று வழி செய்கிறது. குடியிருப்பாளர்கள் பூச்சட்டித் தட்டுகளில் தேங்கிய நீரைக் கொட்டியதால் குறைந்திருக்கலாம் என்ற ஐயம் இன்னும் அப்படியே நிற்கிறது என்பது உண்மைதான். ஆனால் இவ்வகை வினாவில் சரியான விடை வாதத்தை முற்றாக நிறுவ வேண்டியதில்லை, மற்றவற்றைவிட அதிகம் தாங்கினால் போதும்.

ஆயர் ஈத்தாம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
பக்கத்துக் கட்டடம் நமக்குப் புதியதன்று, மகளே. மணிமேகலையின் 29ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் கற்பிக்கும் அளவையில் (தர்க்க முறையில்) "இம்மலை நெருப்புடையது" என்பது பக்கம், அதாவது நிறுவ வேண்டிய கூற்று; "புகையுடைமையால்" என்பது ஏது, அதாவது அதற்கான காரணம்; "அடுக்களை போல" என்பது திட்டாந்தம், அதாவது எடுத்துக்காட்டு. அதோடு நிறுத்தாமல், நெருப்பில்லாதவிடத்துப் புகையும் இராது என்பதற்கு நீரையும் எடுத்துக்காட்டுவர். (அங்கே புகை அடையாளம், இங்கே புகை காரணம்; இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) புகையடிக்காத கட்டடத்தில் நோய் குறையவில்லை என்பது அந்த நீரைப் போன்ற எதிர்மறை எடுத்துக்காட்டுத்தான்.

பாயான் லெப்பாஸ் மாணவி:
நன்றி, ஐயா. நன்றி, அண்ணா. இரண்டு கட்டடங்களில் ஒரே அளவு மழை என்பதை யார் அளந்தார்கள் என்று எண்ணியும் அந்த விடையை ஒதுக்கினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இன்னொரு விடை, "நோயாளிகளைக் கணக்கெடுக்கும் முறை அந்த மாதம் மாறவில்லை" என்றிருந்தது. அதுவும் வலுப்படுத்துமா?

பட்டர்வொர்த் வாசகர்:
வலுப்படுத்தும், ஆனால் சிறிதளவே; நோய் உண்மையில் குறைந்தது என்பதை அது காக்கிறது, எதனால் குறைந்தது என்பதைத் தொடவில்லை. மழையை அளந்தவர் யார் என்ற கேள்விக்கு இங்கே இடமில்லை. "பின்வருவனவற்றை உண்மையெனக் கொண்டால்" என்று வினாவிலேயே எழுதியிருப்பார்கள்.