பைத்தான் மொழியில் ?. குறி எப்போதுதான் வரும்? அதைக் கேட்கவும் ஸ்பான்சர் வேண்டுமா?

கமா_கந்தன்:
கூரியர் ஏபிஐ (வேறொரு புரோகிராமுக்குத் தகவல் தரும் இணைப்பு) ஒன்றிலிருந்து ஜேசானாக, அதாவது கீ-மதிப்பு ஜோடிகளாக, வரும் தகவலைப் பிரித்து எடுப்பதுதான் இப்போது என் வேலை. ஒரு ஆர்டரில் முகவரி இருக்கும், ஊர் இருக்காது. அடுத்ததில் முகவரி என்ற கீ மட்டும் இருக்கும், மதிப்பு 'நல்', அதாவது ஒன்றுமில்லை. ஃப்ரண்ட்எண்ட் நண்பர் டைப்ஸ்கிரிப்டில் ஆர்டர்?.முகவரி?.ஊர் என்று (?. க்கு இடப்பக்கம் காலி என்றால் எரர் வராமல் அங்கேயே நின்றுவிடும்) ஒரே வரியில் முடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறார், நான் இஃப் மேல் இஃப் அடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சி ஷார்ப், கோட்லின், ஸ்விஃப்ட் எல்லாவற்றிலும் இருக்கிறது. இங்கே இதற்காக 2015-ல் எழுதிய பெப் (பைத்தானை மாற்றக் கோரும் முன்மொழிவு) 505 இன்னும் ஒத்திவைப்பில் கிடக்கிறது. புதிதாக ஒன்று எழுதலாமா என்று விசாரித்தால், கோர் டெவலப்பர் (பைத்தானையே உருவாக்கும் குழுவில் இருப்பவர்) ஒருவரை ஸ்பான்சராகப் பிடித்துக்கொண்டு வா என்கிறார்கள். இதற்குப் பேர் ஓப்பன் சோர்ஸா?

நள்ளிரவு_பில்ட்:
ஸ்பான்சர் கதை அப்புறம். பெப் 505 நாளைக்கே வந்தாலும் உங்கள் பிரச்சினை பாதிதான் தீரும். ஜாவாஸ்கிரிப்டில் இல்லாத ப்ராப்பர்டியைக் கேட்டால் சத்தமில்லாமல் 'அன்டிஃபைன்ட்' வரும், அதனால் அங்கே ?. எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறது. பைத்தானில் ஜேசான் என்றால் டிக்‌ஷனரி, அதற்கு ?[] (கீயைக் கொடுத்து மதிப்பை எடுக்கும் அதே வகைக் குறி) வேண்டும், அது இடப்பக்கம் 'நன்' (பைத்தானின் நல்) ஆக இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும். கீயே இல்லையென்றால் கீஎரர் வழக்கம்போல் வந்து விழும். எரரை அமுக்கும் யோசனையை அந்தப் பெப்பிலேயே நிராகரித்துவிட்டார்கள், என்னைக் கேட்டால் சரிதான்.

இன்னொன்று, கீ இல்லையென்றால் காலி டிக்‌ஷனரி வரட்டும் என்று கெட்("முகவரி", {}) எழுதித்தானே மாட்டிக்கொள்கிறீர்கள்? கீ இருந்து மதிப்பு நல் என்றால் அந்தக் காலி டிக்‌ஷனரி வராது, 'நன்' தான் வரும், அடுத்த கெட் அங்கேயே உடையும். (ஆர்டர்.கெட்("முகவரி") ஆர் {}).கெட்("ஊர்") என்று எழுதுங்கள். பார்க்க அசிங்கம்தான், ஓடும். பைத்தான் 3.10 அல்லது அதற்கு மேல் என்றால் மேட்ச்-கேஸில் உள்ளே உள்ளே உள்ள அமைப்பை அப்படியே எழுதிவிடலாம்.

தள்ளுபடி_பூஜ்யம்:
'ஆர்' போடச் சொல்லும்போது ஒரு எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்லுங்கள் ப்ரோ. காலி டிக்‌ஷனரிக்குச் சரி, அதே பழக்கத்தில் பில்லிங் கோடில் தள்ளுபடி ஆர் 10 என்று எழுதினால், தள்ளுபடி 0 என்று வேண்டுமென்றே போட்ட வாடிக்கையாளருக்கும் 10 போய்விடும், 'ஆர்' பூஜ்யத்தையும் காலி என்றே எடுத்துக்கொள்ளும். ?? குறி இருந்தால், இடப்பக்கம் 'நன்' என்றால்தான் மாற்று மதிப்பு வரும். எனக்கு ?. வேண்டாம், ?? போதும். ??, ??=, ?., ?[] நான்கையும் ஒரே மூட்டையாகக் கட்டியதுதான் அந்தப் பெப்புக்கு வினை, ஒன்று பிடிக்காதவர் நான்கையும் எதிர்க்கிறார்.

பழைய_மெயிலிங்லிஸ்ட்:
கந்தன், ஸ்பான்சர் என்றால் கேட்டில் நிற்கும் வாட்ச்மேன் மாதிரி நினைக்கிறீர்கள். யோசனையை யார் வேண்டுமானாலும் பேசலாம். அதைப் பெப்பாகப் பதியும்போது, எழுதியவர்களில் ஒருவரும் கோர் டெவலப்பர் இல்லையென்றால்தான் வழிகாட்ட ஒரு ஸ்பான்சர்.

2018-ல் := (வரிக்கு நடுவிலேயே ஒரு பெயருக்கு மதிப்பு வைக்கும் குறி) க்காகப் பெப் 572 வந்தபோது நடந்த சண்டையைக் கூட இருந்து பார்த்தவர்களுக்கு இதன் அவசியம் புரியும். ஒரே விஷயத்தை ஆளுக்கொரு மூலையிலிருந்து மாதக்கணக்கில் கிளறினார்கள், ஏற்கெனவே பதில் சொன்ன கேள்வியைப் புதிதாக வந்தவர் மறுபடி கேட்பார், எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். பைத்தானை உருவாக்கிய கீடோ அதை ஏற்றுக்கொண்ட கையோடு ஜூலை 12 அன்று, ஒரு பெப்புக்காக இவ்வளவு போராடி இத்தனை பேரின் வெறுப்பைச் சம்பாதிப்பது இனி வேண்டாம் என்று எழுதிவிட்டு, இறுதி முடிவெடுக்கும் பொறுப்பிலிருந்து விலகினார். வாரிசையும் சொல்லவில்லை. அப்புறம் வந்ததுதான் ஐந்து பேர் கொண்ட ஸ்டீரிங் கவுன்சில். கோர் டெவலப்பர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பது, ஒரே கம்பெனியிலிருந்து இரண்டு பேருக்கு மேல் கூடாது, மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு இருந்தால் கவுன்சிலையே இறக்கிவிடலாம். இதைவிட என்ன திறந்த கதவு வேண்டும்?

கிளை_மாறி:
கதவு திறந்துதான் இருக்கிறது, உள்ளே எவ்வளவு பேசலாம் என்பதில்தான் கேள்வி. 2024-ல் பைத்தான் மென்பொருள் ஃபவுண்டேஷனின் துணைவிதிகளை மாற்றும் விவாதம் வந்ததே? நடத்தை விதியை மீறினால் ஃபெல்லோ (சிறப்பு உறுப்பினர்) ஒருவரை உறுப்பினர் ஓட்டுக்கு விடாமல் போர்டே நீக்கலாம் என்ற மாற்றம். அதற்குப் பிறகு ஆரம்ப காலத்திலிருந்தே இருந்த ஒரு கோர் டெவலப்பரை மூன்று மாதம் இடைநீக்கம் செய்தார்கள். சொன்ன காரணங்களில் ஒன்று, அந்த விவாதத்தின் 177 பதிவுகளில் 47 அவருடையது என்பது. நிறைய எழுதியது குற்றமா? அந்த மாற்றத்துக்கு 81 சதவீதம் ஆதரவு கிடைத்தது, அதனால் சர்ச்சையே ஊதிப் பெருக்கியது என்றும் சொன்னார்கள். ஜெயித்த பக்கம் சொல்லும் வாதம் அது, எனக்கு ஒட்டவே இல்லை.

பழைய_மெயிலிங்லிஸ்ட்:
அந்த 81 வாதம் எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் நாலில் ஒரு பதிவு ஒரே ஆளுடையது என்றால் மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள், அதையும் யாராவது பார்க்க வேண்டும். மாடரேட்டர் முதலிலேயே கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லும் விதி தனியாக இருப்பது நல்லது, கோர் டெவலப்பருக்கும் அதேதான்.

கமா_கந்தன்:
மேட்ச்-கேஸ் போட்டுப் பார்த்தேன், கூரியர் விஷயம் முடிந்தது, நன்றி. கெட் பற்றிச் சொன்னதும் சரி, இரண்டு இடத்தில் அதே பொறி இருந்தது. தள்ளுபடி_பூஜ்யம், ?? மட்டும் தனியாக ஒரு வரைவு எழுதலாமா?

தள்ளுபடி_பூஜ்யம்:
எழுதலாம். முதலில் 'ஆர்' போட்டு நிஜமாகவே பணம் தவறிய கோடுகளைச் சேர்த்து வையுங்கள், குறியீட்டின் அழகைப் பற்றி ஒரு வரிகூட வேண்டாம். அதைப் பார்த்துவிட்டு யாராவது ஸ்பான்சர் செய்ய முன்வந்தால் மற்றதை எழுதுவோம்.