கரவன் தளத்தில் இணையத்துக்குத் தனிக்காசு: நியாயமா, பகற்கொள்ளையா?

வெள்ளவத்தை வாசகி (ஞாயிறு, இரவு 8.10)

லெஸ்டரில் இருக்கும் அண்ணா குடும்பத்தோடு மூன்று கிழமை நின்றுவிட்டுப் போன மாதம்தான் திரும்பினேன். அதில் ஒன்பது நாள் கரவனில், அதாவது சக்கரம் பூட்டிய சின்ன வீட்டில். காருக்குப் பின்னால் கொளுவிக்கொண்டு வடமேற்கே லேக் டிஸ்ட்ரிக்ட் வரை போய், மலைகளுக்கு நடுவே, கரவன்களை வாடகைக்கு நிறுத்தும் ஒரு தளத்தில் தரித்தோம். இடம் அழகு, அதில் குறையே இல்லை. ஓர் இரவு வாடகையில் தண்ணீர்க் குழாய், சுடுநீர்க் குளியலறை, கழிவு கொட்டும் இடம், 16 அம்பியர் மின்னிணைப்பு எல்லாம் அடக்கம். இணையம் மட்டும் தனி. ஒரு கருவிக்கு ஒரு நாளைக்கு 4 பவுண், நம் காசில் ஏறத்தாழ 1,600 ரூபாய். நாங்கள் ஐந்து பேர், ஆளுக்கொரு கைத்தொலைபேசி, எனக்கு மேலதிகமாக மடிக்கணினி. அந்தப் பள்ளத்தாக்கில் கைத்தொலைபேசிச் சமிக்ஞையும் கிடையாது.

நான் கொழும்பில் ஒரு நிறுவனத்துக்குக் கணக்கு எழுதுகிறேன். மாதமுடிவு வேலை இருந்ததால் மடிக்கணினிக்கு மட்டும் காசு கட்டினேன். கரவனுக்குள் இருந்தால் ஒன்றுமே வராது. கதவைத் திறந்து படியில் உட்கார்ந்தால் ஒரு கோடு காட்டும். கடைசியில் வரவேற்பு அலுவலகத் தாழ்வாரத்தில், மழைச்சாரல் அடிக்க அடிக்க, சால்வையைப் போர்த்திக்கொண்டு வங்கிக் கணக்கிணக்கக் கூற்றை முடித்தேன். பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு அங்கும் அசையாது. அந்த நேரம் இங்கே இரவு ஒன்பதரை. அம்மா வெள்ளவத்தையில் தனியே கைத்தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். ஒன்பது நாளில் இரண்டு நாள்தான் முகம் பார்த்துப் பேசினோம்.

வரவேற்பில் இருந்த பெண்ணிடம் சொன்னேன். “உங்கள் தரிப்பிடம் வரை எட்டும் என்று நாங்கள் உறுதி சொல்லவில்லையே” என்று பணிவாகத்தான் பதில் சொன்னார். உறுதி சொல்ல முடியாத பொருளுக்கு எப்படி விலை போடுகிறார்கள்? இன்றைக்கு இணையம் தண்ணீர்க் குழாய் மாதிரி. அது வாடகைக்குள் வர வேண்டும் என்பது என் கருத்து.

செம்புக்கம்பி (ஞாயிறு, இரவு 9.25)

அக்கா, உங்கள் சிரமம் விளங்குகிறது. ஆனாலும் நான் எதிர்ப்பக்கம். கொழும்பில் பதினான்கு வருடமாக வலையமைப்புப் பொறியியலாளராக வேலை செய்கிறேன், விடுதிகளுக்கு வைஃபை போட்டுக் கொடுப்பதே என் தொழில். அதனால் சில விடயங்களைச் சொல்லியாக வேண்டும்.

உங்கள் கரவனுக்குள் சமிக்ஞை வராததற்குத் தள முதலாளி காரணம் அல்லர். பல கரவன்களின் வெளிச்சுவர் அலுமினியத் தகடு. வானொலி அலைக்கு அது மூடிய தகரப் பெட்டி. யன்னல் வழியாக வருவதுதான் வரவு. அத்தோடு, தளத்துக் கம்பத்தில் இருக்கும் வைஃபைக் கருவி உரக்கப் பேசினாலும் உங்கள் மடிக்கணினியின் சின்னக் குரல் திரும்ப அங்கே போய்ச் சேர வேண்டும். கோடு காட்டும், பக்கம் திறக்காது என்பது இதனால்தான்.

இனிப் பின்னேரத்து நெருக்கடி. ஒரு பேச்சுக்கு, அந்தத் தளத்துக்கு வினாடிக்கு 100 மெகாபிட் வேக இணைப்பு இருக்கிறது, 80 தரிப்பிடம் என்று வையுங்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் இழுத்தால் கரவன் ஒன்றுக்கு ஒன்றேகால் மெகாபிட். உயர்தரப் படம் ஒன்று ஓட ஏறத்தாழ 5 மெகாபிட் வேண்டும். இருபது கரவனில் படம் ஓடினால் குழாய் நிறைந்துவிடும், மிச்சம் அறுபது கரவனுக்கு ஒன்றும் இல்லை. மழை பெய்கிற பின்னேரத்தில் எல்லாப் பிள்ளைகளும் உள்ளே இருந்து படம்தான் பார்ப்பார்கள். எல்லோருக்கும் இலவசம் என்று திறந்துவிட்டால் உங்களுக்குத் தாழ்வாரத்திலும் கிடைத்திருக்காது. கட்டணம் கூட்டத்தைக் குறைக்கிறது. அதனால்தான் உங்கள் கணக்கை ஒருவாறு முடிக்க முடிந்தது.

மலையடிவாரத்துக்கு நல்ல இணைப்பு இழுப்பதும், புல்வெளியைத் தோண்டி வயர் புதைப்பதும், மழை தாங்கும் கருவியைக் கம்பம் கம்பமாகப் பொருத்துவதும் சில்லறைச் செலவு அல்ல. ஆட்கள் வருவது வருடத்தில் சில மாதங்கள்தான், இணைப்புக் கட்டணமோ பன்னிரண்டு மாதமும் போகும். அமைதி வேண்டும் என்று தொலைபேசியையே அணைத்துவிட்டு வருகிறவரும் அங்கே இருக்கிறார். உங்கள் மாதமுடிவுக் கணக்குக்கு அவர் ஏன் காசு கட்ட வேண்டும்?

வெள்ளவத்தை வாசகி (ஞாயிறு, இரவு 9.50)

தம்பி, நான் குளியலறையில் ஐந்து நிமிடம் குளித்தேன், பக்கத்துக் கரவன்காரர் அரை மணி நேரம் நின்றார். அந்தச் சுடுநீரை யாரும் பிரித்துக் கணக்குப் பார்க்கவில்லையே. அண்ணா சைக்கிள் கொண்டுபோகவில்லை, ஆனாலும் சைக்கிள் நிறுத்தும் கொட்டகைக்கும் சேர்த்துத்தான் வாடகை கட்டினார். இணையத்துக்கு வந்தவுடன் மட்டும் “பாவிக்காதவர் ஏன் கட்ட வேண்டும்” என்ற கேள்வி எங்கிருந்து வருகிறது?

ஒன்று கேட்கிறேன். கட்டணம் கூட்டத்தைக் குறைப்பதற்கு என்றால் கருவிக் கணக்கு எதற்கு? நான் ஒருத்தி ஒரே நேரத்தில் இரண்டு கருவியில் வேலை செய்வதில்லை. மடிக்கணினிக்குக் கட்டிய பிறகு, அதே நான் கைத்தொலைபேசியில் அம்மாவை அழைக்க இன்னொரு 4 பவுண்.

குரோய்டனில் இருந்து கொழும்பு (ஞாயிறு, இரவு 10.40)

இருபத்திரண்டு வருடம் இங்கிலாந்தில் இருந்துவிட்டு ஓய்வுபெற்றுத் தெஹிவளைக்கு வந்தவன். அங்கே ஒரு பழைய கரவன் வைத்திருந்தேன், கோடையில் ஊர் ஊராகத் திரிந்தவர்கள் நாங்கள். அந்த நாட்டில் இது நூற்றாண்டுப் பழக்கம். கேம்பிங் அண்ட் கரவனிங் கிளப் 1901 இல் தொடங்கியது, கரவன் கிளப் 1907 இல். வயல் ஓரத்தில் கூடாரம் அடித்த காலத்து மனநிலை இன்னும் பல தளங்களில் இருக்கிறது. தண்ணீரும் கழிவிடமும் கடமை, மற்றதெல்லாம் சலுகை என்றே நினைப்பார்கள். மின்சாரமும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது.

மின்சாரத்தைப் பற்றி உங்கள் இருவருக்கும் ஒரு விடயம். அங்கே வாங்கிய மின்சாரத்தை வீட்டுப் பாவனைக்கு மறுவிற்பனை செய்கிறவர் தாம் கொடுத்த அலகு விலைக்கு மேல் வாங்கக்கூடாது. ஒஃப்ஜெம் என்ற எரிசக்தி ஒழுங்குபடுத்தும் அமைப்பின் விதி அது. கரவன்காரரின் மின்மானிக்கும் பொருந்தும். இணையத்துக்கு அப்படி ஓர் உச்சவிலை இல்லை. ஒரே கம்பத்தில் மின்சாரமும் வைஃபையும் இருக்கும்; ஒன்றுக்கு விலைக்கட்டுப்பாடு, மற்றதுக்கு முதலாளி நினைத்தது விலை. வாசகியின் கோபம் போக வேண்டிய இடம் இதுதான்.

நடைமுறையில் நான் தள வைஃபைக்குக் காசு கட்டுவதை விட்டுப் பல வருடம். கூரையில் வெளி அன்டெனா, உள்ளே சிம் போடும் ரவுட்டர். தாழ்வான இடத்தில் கைத்தொலைபேசி செத்துக் கிடந்தாலும் கூரை அன்டெனா பல தடவை தூரத்துக் கோபுரத்தைப் பிடித்துவிடும். பழைய ரவுட்டரை யாரிடமும் வாங்காதீர்கள். அங்கே மூன்றாம் தலைமுறை (3ஜி) வலையமைப்பைப் படிப்படியாக நிறுத்திவிட்டார்கள், அதை மட்டும் நம்பிய கருவிகள் இப்போது வெறும் பிளாஸ்டிக். செய்மதி வழியே இணையம் தரும் ஸ்டார்லிங்க் தட்டு இலங்கைக்கு 2025 ஜூலையில்தான் வந்தது, ஆங்கிலேயக் கரவன்காரர் அதற்கு முன்பே வாங்கத் தொடங்கிவிட்டார்கள். திறந்த வானம் வேண்டும், மரநிழலில் தரித்தால் அடிக்கடி அறும். கரவனை பிரான்சுக்குக் கொண்டுபோவதாக இருந்தால், ஐரோப்பிய ஒன்றியச் சிம்களுக்கு ஒன்றிய நாடுகளுக்குள் 2017 ஜூன் முதல் மேலதிக ரோமிங் (வெளிநாட்டுப் பாவனை) கட்டணம் இல்லை. பிரித்தானியச் சிம்முக்கு அந்தப் பாதுகாப்பு பிரெக்சிட்டோடு போய்விட்டது. நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும்.

மருதானைப் பயணி (ஞாயிறு, இரவு 11.05)

மன்னிக்க வேண்டும், கரவனே இல்லாத ஊரில் இருந்துகொண்டு ஏன் இந்த விவாதம்? எல்லவிலும் அறுகம்பையிலும் அறை எடுத்தால் வைஃபை சும்மாதானே தருகிறார்கள்?

பம்பலப்பிட்டி ஆறு அறை (திங்கள், காலை 6.30)

சும்மா தருவதில்லை, சகோதரரே. நான் தருகிறவன், அதனால் சொல்கிறேன். ஆறு அறை உள்ள சின்ன விடுதி. தொடக்கத்தில் கடவுச்சொல்லைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தேன். ஒரு மாதம், வெளிநாட்டில் இருந்து வந்த ஒரு பையன் இரவு பகலாக விளையாட்டுகளைத் தரவிறக்கினான். உயர்தரப் படம் ஒரு மணி நேரம் ஓடினாலே 3 கிகாபைட் வரை போகும், விளையாட்டு ஒன்று அதைப்போலப் பல மடங்கு. 18 ஆம் திகதி எங்கள் மாத டேட்டா முடிந்து வேகம் நத்தையாகிவிட்டது. மூன்றாம் அறையில், மகளின் திருமண விடயமாகச் சிட்னிக்குப் பேச வேண்டிய ஒரு தாய் இருந்தார். பேச முடியவில்லை. அவர் என்னைத்தான் கேட்டார், அந்தப் பையனை அல்ல. அன்றைக்கு என்னுடைய தொலைபேசியில் ரீலோட் போட்டு அவருக்குக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு அறைக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று அளவு வைத்தேன். கட்டணம் வாடகைக்குள். அழைப்புக்கும் மின்னஞ்சலுக்கும் அந்த அளவு தாராளம், அதற்கு மேல் வேண்டுமானால் காசு. எத்தனை கருவி என்று நான் எண்ணுவதே இல்லை. பொறியியலாளர் தம்பி சொல்கிற கூட்ட நெருக்கடி உண்மை. அதற்கு மருந்து அளவுதான், கருவிக் கணக்கு அல்ல.

கொட்டாஞ்சேனைப் பெரியவர் (திங்கள், காலை 9.15)

நான் தொழில்நுட்பம் தெரிந்தவன் அல்லன். ஆனால் இந்தக் கதையை நான் ஒரு தடவை வாழ்ந்திருக்கிறேன்.

1995 யாழ்ப்பாண இடப்பெயர்வுக்குப் பிறகு, 1996 இல் கொழும்புக்கு வந்து கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் ஏழு மாதம் இருந்தேன். மூத்த மகன் டொரொண்டோவில். ஞாயிற்றுக்கிழமை அவன் லொட்ஜ் தொலைபேசிக்கு எடுப்பான். காசு கட்டி எடுக்கிறவன் அவன். முதலாளிக்கு ஒரு சதமும் செலவில்லை. ஆனாலும் வருகிற அழைப்புக்கு நிமிடக் கணக்கில் என்னிடம் வாங்கினார். மணிக்கூட்டைப் பார்த்தபடி பக்கத்திலேயே நிற்பார். காலி வீதியில் கொமியூனிகேஷன் என்ற தொலைபேசிக் கடைகள் இருந்தன, அங்கேயும் வரிசை, அங்கேயும் காசு. நாங்கள் கட்டினோம். வேறு எங்கே போவது? மகனின் மனைவிக்குப் பிள்ளை பிறந்த செய்தி வந்த அன்று, மூன்றாவது நிமிடத்தில் நானே “போதும் ராசா, வை” என்றேன். பிள்ளை ஆணா பெண்ணா என்று அடுத்த ஞாயிறுதான் கேட்டேன்.

செம்புக்கம்பித் தம்பி, வேண்டுமானால் வாங்கலாம், வேண்டாவிட்டால் விடலாம் என்ற நிலை இருந்தால் உங்கள் நியாயம் சரி. அந்தப் பள்ளத்தாக்கில் வேறு சமிக்ஞை இல்லை என்று இந்தப் பிள்ளை எழுதியிருக்கிறார். ஊருக்கு ஒரே கிணறு, கயிற்றை வைத்திருப்பவர் ஒருவர். அவர் சொல்கிற விலையை விலை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

செம்புக்கம்பி (திங்கள், மதியம் 1.20)

ஐயா, உங்கள் பதிவை இரண்டு தடவை வாசித்தேன். உங்கள் முதலாளி செய்தது அநியாயம், அதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை. செலவே இல்லாத ஒன்றுக்கு அவர் வாங்கினார்.

ஆனால் கரவன் தளத்து முதலாளிக்குச் செலவு இருக்கிறது. வேறு சமிக்ஞை இல்லாத பள்ளத்தாக்குத்தான் இணைப்பு இழுக்க ஆகக் கூடுதலாகச் செலவாகும் இடமும். அந்தக் கிணற்றை அவர் தன் காசில் வெட்டினார். கட்டணமே கூடாது என்றால் அடுத்த பள்ளத்தாக்கில் யாரும் வெட்ட மாட்டார்கள். இதில் நான் இறங்கிவரவில்லை.

கருவிக் கணக்கில் இறங்கிவருகிறேன். வாசகி அக்கா கேட்டதற்கு என்னிடம் நேர்மையான பதில் இல்லை. உண்மையைச் சொன்னால், சின்னப் பயண ரவுட்டர் ஒன்றை யன்னலில் வைத்து ஒரே கருவியாகக் காட்டிக் குடும்பம் முழுவதும் பாவிக்கிறவர்கள் இருக்கிறார்கள். சில தளங்கள் அதைத் தடை செய்கின்றன, பல கவனிப்பதில்லை. தெரிந்தவர் ஒரு மடங்கும் தெரியாதவர் ஐந்து மடங்கும் கட்டுகிறார்கள். இது கூட்டத்தைக் கட்டுப்படுத்தும் முறை அல்ல. பம்பலப்பிட்டி அண்ணா செய்வதுபோலத் தரிப்பிடத்துக்கு ஒரு கட்டணமும் ஓர் அளவும் வைப்பதே சரி. எட்டாத தரிப்பிடத்துக்குக் காசைத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டும்.

வெள்ளவத்தை வாசகி (திங்கள், இரவு 7.45)

ஐயா, உங்கள் ஞாயிற்றுக்கிழமையை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவரும் அப்படியொரு தொலைபேசிக்குப் பக்கத்தில் நின்றவர். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

தம்பி, திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று நீங்கள் சொன்னதே எனக்குப் பெரிய விடயம். வாடகைக்குள் வர வேண்டும் என்ற என் பக்கம் மாறவில்லை. அண்ணா அடுத்த கோடைக்கும் இடம் பதிவு செய்யப் பார்க்கிறார். பதிவு செய்யும் முன் என்ன கேட்க வேண்டும்?

செம்புக்கம்பி (திங்கள், இரவு 8.05)

கட்டணம் கருவிக்கா தரிப்பிடத்துக்கா என்று கேளுங்கள். “வைஃபை உண்டா” என்று கேட்காமல், எந்தெந்தத் தரிப்பிடம் கம்பத்துக்குக் கிட்ட என்று கேட்டு அதையே எடுங்கள். எட்டாவிட்டால் காசு திரும்புமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். இவ்வளவும் கேட்டாலும் பின்னேர நெருக்கடி போகாது. அங்கே காலை ஏழு மணிக்கு எல்லோரும் நித்திரை, குழாய் வெறுமை. அந்த நேரம் அழையுங்கள், அம்மாவுக்கு இங்கே பதினொன்றரை.

வெள்ளவத்தை வாசகி (திங்கள், இரவு 8.30)

பதினொன்றரைக்கு அம்மா அடுப்படியில் நிற்பார். கேட்டேன். சோற்றை முன்னதாகவே வடித்துவிட்டு வந்து இருப்பதாகச் சொல்கிறார்.