விண்டோஸ் 98 நிறுவல்: எஸ்யு0013 பிழை, 80 ஜிபி டிஸ்க் 10 ஜிபி என்று காட்டுகிறது

செங்கோட்டை_அச்சு:
புனலூரில் வாங்கிய பழைய மெஷின். பென்டியம் 3, 866 மெகாஹெர்ட்ஸ், இன்டெல் 815 போர்டு, 256 எம்பி ராம். 2001-ல் பேஜ்மேக்கர் 6.5 என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்த தமிழ், மலையாளக் கல்யாணப் பத்திரிகை ஃபைல்களைத் திறக்கணும். அதற்கான எழுத்துரு மென்பொருள் பேரலல் போர்ட் டாங்கிள் (பிரிண்டர் மாட்டும் துளையில் செருகும் உரிமப் பூட்டு) இருந்தால்தான் ஓடும். அதனால் விண்டோஸ் 98 செகண்ட் எடிஷன்தான் வேணும்.

எக்ஸ்பி இருந்த 20 ஜிபி டிஸ்க்கில் செட்டப் எஸ்யு0013 என்று நின்றுவிடுகிறது. டிஸ்க்கைப் பகுதி (பார்ட்டிஷன்) பிரிக்கும் எஃப்டிஸ்க்கில் எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷனை அழிக்கப் போனால் உள்ளே லாஜிக்கல் டிரைவ் இருக்கு என்கிறது. அதை அழிக்கப் போனால் அப்படி எதுவும் இல்லை என்கிறது. வேறு 80 ஜிபி டிஸ்க் மாட்டினால் 10 ஜிபி சொச்சம்தான் காட்டுது. டிஸ்க் போயிட்டதா?

பாறசாலை_பிட்:
இரண்டு டிஸ்க்கும் நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி.

எஸ்யு0013 வருவது எக்ஸ்பி வைத்த என்டிஎஃப்எஸ் (எக்ஸ்பியின் ஃபைல் அமைப்பு முறை) பார்ட்டிஷனால். 98-க்கு அதைப் படிக்கத் தெரியாது. லாஜிக்கல் டிரைவ் என்டிஎஃப்எஸ்ஸில் இருந்தால் பழைய எஃப்டிஸ்க் அதைப் பார்க்காது, அழிக்கவும் செய்யாது. எக்ஸ்பி சிடியில் பூட் பண்ணுங்க. என்டர், எஃப்8, பழைய எக்ஸ்பியைப் பழுதுபார்க்கவா என்று கேட்டால் எஸ்கேப், அப்புறம் பார்ட்டிஷன் பட்டியல் வரும். ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து 'டி' அழுத்தி அழியுங்க. உறுதி கேட்டால் 'எல்'. எல்லாம் போனதும் எஃப்3 அழுத்தி வெளியே வந்துடுங்க. அழிக்கிறதுக்கு முன்னாடி அந்த டிஸ்க்கில் யாருடைய ஃபைலாவது இருக்கான்னு ஒரு தடவை பாத்துக்கோங்க.

80 ஜிபி விஷயம் எஃப்டிஸ்க்கின் கணக்குப் பிழை. 64 ஜிபியைத் தாண்டினால் அதன் 16 பிட் எண் நிரம்பி, மறுபடி பூஜ்யத்திலிருந்து எண்ண ஆரம்பிக்கும். உங்க டிஸ்க் சுமார் 76,319 எம்பி. அதில் 65,536 போனால் 10,783. நீங்க பார்த்த 10 ஜிபி அதுதான். மைக்ரோசாஃப்ட் இதற்குத் திருத்திய எஃப்டிஸ்க் வெளியிட்டது, அதைப் பூட் ஃபிளாப்பியில் போட்டுக்கோங்க. ஃபார்மட்டும் அளவைத் தப்பாகக் காட்டும், ஆனால் வேலையைச் சரியாகச் செய்யும். 137 ஜிபிக்கு மேலான டிஸ்க் மட்டும் வேண்டவே வேண்டாம். அந்த எல்லையைத் தாண்டி எழுதும்போது 98 டிஸ்க்கின் தொடக்கத்தில் இருக்கும் ஃபைலை அழிச்சுடும்.

பிறகு: எஃப்டிஸ்க்கில் பெரிய டிஸ்க் ஆதரவுக்கு 'ஒய்', ஒரு பிரைமரி பார்ட்டிஷன், ரீபூட், ஃபார்மட். ஃபிளாப்பியில் பூட் பண்ணும்போது ராமில் தற்காலிகமாக உருவாகும் ராம் டிரைவ் 'டி' எழுத்தை எடுத்துக்கும், அதனால் சிடி 'இ' ஆகியிருக்கும். சிடியின் வின்98 ஃபோல்டரில் இருக்கும், டிஸ்க் வேகத்தைக் கூட்டும் ஸ்மார்ட்டிரைவை முதலில் ஓட்டுங்க. அது இல்லாமல் காப்பி நத்தை மாதிரி நகரும். அந்த ஃபோல்டரை முழுசா 'சி'க்குக் காப்பி பண்ணி, அங்கிருந்தே செட்டப் கொடுங்க. அப்படிச் செய்தால் நடுவிலும் டிரைவர் போடும்போதும் சிடி கேட்டு நிற்காது.

கம்பம்மெட்டு_சால்டர்:
சாஃப்ட்வேருக்கு முன்னாடி பெட்டியைத் திறங்க. இந்த மெஷின் வந்த காலத்துப் போர்டுகளில் பிராசஸரைச் சுற்றி நிற்கும் கெப்பாசிட்டர்தான் முதல் சந்தேகம். மேலே இருக்கும் வெட்டுக்கோடு தட்டையாக இருக்கணும். கொஞ்சம் உப்பியிருந்தாலும், காபிப் பொடி நிறத்தில் கசிந்திருந்தாலும் மாற்றியே ஆகணும். அதே மைக்ரோஃபேரட், அதே வோல்ட் அல்லது மேல், 105 டிகிரி, லோ ஈஎஸ்ஆர் (உள்தடை குறைவான வகை). சாதாரண வகை போட்டால் செட்டப் பாதியில் காரணமில்லாமல் தொங்கும். சிடி கெட்டுப்போச்சுன்னு நினைப்பீங்க.

எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) உள்ளே பல்லி முட்டை, எறும்புக் கூடு இருக்கும். பிளக்கை எடுத்துவிட்டு ஊதுங்க. பிறகு மீட்டரில் 12 வோல்ட் லைன் 11.4-க்கும் 12.6-க்கும் நடுவில், 5 வோல்ட் லைன் 4.75-க்கும் 5.25-க்கும் நடுவில் இருக்கான்னு பாருங்க. உங்க ஊர்ச் சாரலில் கிடந்த மெஷின்னா ராமின் பொன்னிறப் பற்கள் மங்கியிருக்கும். வெள்ளை ரப்பரால் துடைச்சு மாட்டுங்க. சிஆர்2032 பேட்டரியையும் மாற்றிடுங்க. அது செத்திருந்தால் பயாஸில் (போர்டின் அடிப்படை அமைப்புத் திரை) வைக்கிறது எதுவும் நிற்காது.

செங்கோட்டை_அச்சு:
மூணு கெப்பாசிட்டர் உப்பியிருந்தது, மாற்றியாச்சு. எக்ஸ்பி சிடியால் பார்ட்டிஷனும் போச்சு. 98 ஏறிடுச்சு. பேஜ்மேக்கர் ஓடுது, டாங்கிளை மட்டும் காணலைங்குது. பென் டிரைவும் தெரியலை.

பாறசாலை_பிட்:
98-ல் பென் டிரைவுக்குப் பொது டிரைவர் கிடையாது. என்யூஎஸ்பி என்ற தொகுப்பை சிடியில் எழுதிப் போடுங்க. அதுக்கு முன்னாடி 815 போர்டின் சிப்செட்டை 98-க்கு அடையாளம் காட்டும் ஐஎன்எஃப் தொகுப்பு, ரீபூட், பிறகு டிஸ்ப்ளே, சவுண்டு. இந்த வரிசை மாறினால் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறி குவியும்.

டாங்கிளுக்கு பயாஸில் பேரலல் போர்ட்டை ஈசிபியிலிருந்து (வேகமான முறை) எஸ்பிபிக்கு (பழைய சாதாரண முறை) மாற்றுங்க, அட்ரஸ் 378, ஐஆர்கியூ 7. டாங்கிளுக்குப் பின்னால் பிரிண்டர் மாட்டியிருந்தால் ஆன் பண்ணி வையுங்க, இல்லை கழற்றிடுங்க.

திறந்ததும் ஒவ்வொரு ஃபைலையும் எழுத்துருவைச் சேர்த்துப் போஸ்ட்ஸ்கிரிப்ட் ஃபைலாக பிரிண்ட் கொடுத்து, புது மெஷினில் கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற மென்பொருளால் பிடிஎஃப் ஆக்குங்க. அச்சுக்கு அது போதும். அதிலிருந்து தமிழை எடுத்து ஒட்டினால் மட்டும் குப்பைதான் வரும், ஏன்னா அது யூனிகோடு இல்லாத பழைய 8 பிட் குறியீடு. எழுத்துரு டாம், டாப், டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியீடுகளில் எதில் இருக்குன்னு பார்த்து, அதற்குரிய மாற்றியில் யூனிகோடுக்குக் கொண்டுவரணும்.