நூலகக் கடன் பதிவு: ஒரே டேபிளை எத்தனையாகப் பிரிப்பது?

ஏடுகட்டு எழுதியது:

ஒரு சிறு நூலகத்தின் கடன் பதிவு இப்போது ஒரே எக்செல் ஷீட்டில் இருக்கிறது, சுமார் 6,000 வரிகள். அதை மைஎஸ்க்யூஎல் 8 என்ற டேட்டாபேஸுக்கு மாற்ற வேண்டும். இருக்கும் ஃபீல்டுகள்: உறுப்பினர் பெயர், போன், முகவரி, புத்தகம்1, புத்தகம்2, புத்தகம்3, ஆசிரியர், எடுத்த தேதி, திருப்பிய தேதி. ஒருவர் இனி 4 புத்தகம் எடுக்கலாம் என்று விதி மாறியிருக்கிறது. புத்தகம்4 என்று இன்னொரு ஃபீல்டு சேர்ப்பது சரியாகப் படவில்லை. மூன்றாம் நார்மல் ஃபார்ம் (ஒரு தகவல் ஒரே இடத்தில் மட்டும் இருக்கும்படி டேபிளைப் பிரிக்கும் விதிகளில் மூன்றாம் படி) வரை போகச் சொல்கிறார்கள். எத்தனை டேபிள் வேண்டும்? எதற்கு எது பிரைமரி கீ, அதாவது ஒவ்வொரு வரியையும் தனியாக அடையாளம் காட்டும் ஃபீல்டு?

கயிற்றுமுடிச்சு எழுதியது:

எத்தனை டேபிள் என்பதிலிருந்து தொடங்காதீர்கள். "இந்த டேபிளில் ஒரு வரி என்றால் என்ன?" என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிகிறதா பாருங்கள். உங்கள் ஷீட்டில் ஒரு வரி என்பது ஆளா, புத்தகமா, கடனா? மூன்றும் கலந்து கிடக்கின்றன. அதனால் ஒருவர் போன் எண் மாறினால் 20 வரிகளில் திருத்த வேண்டும். அதில் இரண்டு விட்டுப்போனால் எது சரியான எண் என்று சொல்ல வழியில்லை. இன்னும் யாரும் எடுக்காத புதுப் புத்தகத்தைப் பதிய இடமே இல்லை. ஒரே ஒருமுறை கடன் வாங்கியவரின் வரியை நீக்கினால் அவர் முகவரியும் கூடவே போய்விடும். எட்கர் காட் 1970-இல் ரிலேஷனல் மாடலை (தரவைத் தொடர்புள்ள டேபிள்களாக வைக்கும் முறையை) முன்வைத்த பிறகு நார்மல் ஃபார்ம்களை வகுத்தது இந்த மூன்று கோளாறுகளையும் தடுக்கத்தான்.

உங்களுக்கு ஆறு டேபிள் வரும்: உறுப்பினர், நூல், ஆசிரியர், நூல்_ஆசிரியர், பிரதி, கடன்.

பலரும் தவறவிடுவது 'பிரதி'யை. ஒரே நாவல் அலமாரியில் 3 இருந்தால் நூல் ஒன்று, பிரதி மூன்று. தலைப்பும் ஐஎஸ்பிஎன்னும் (சர்வதேச நூல் எண்) நூலைச் சேர்ந்தவை. பதிவு எண், வாங்கிய தேதி, கிழிந்திருக்கிறதா என்பதெல்லாம் பிரதியைச் சேர்ந்தவை. உறுப்பினர் வீட்டுக்கு எடுத்துப் போவது பிரதியைத்தான், ஆகவே கடன் டேபிள் பிரதியைத்தான் சுட்ட வேண்டும். இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால், தொலைந்தது எந்தப் பிரதி என்ற கேள்விக்கு என்றைக்கும் பதில் கிடைக்காது.

ஒரு நூலுக்கு இரண்டு ஆசிரியர் இருக்கலாம், ஓர் ஆசிரியர் பல நூல் எழுதியிருக்கலாம். அதற்குத்தான் நூல்_ஆசிரியர். அதில் நூல்_எண், ஆசிரியர்_எண் இரண்டும் சேர்ந்தே பிரைமரி கீ. "ஆசிரியர்கள்" என்று ஒரு ஃபீல்டு வைத்துக் கமா போட்டுப் பெயர்களை அடுக்க வேண்டாம். ஒருவர் எழுதியதைத் தேடும்போது அவர் பெயரை உள்ளடக்கிய இன்னொருவர் பெயரும் சேர்ந்து வரும்.

சொல்லெண் எழுதியது:

கீ பற்றி. ஐஎஸ்பிஎன்னை பிரைமரி கீ ஆக்க வேண்டாம். பழைய நூல்களுக்கு அது இருக்காது. 10 இலக்க வடிவத்தில் கடைசி இடத்தில் 'எக்ஸ்' எழுத்து வரலாம், அதனால் எண் வகையிலும் அடங்காது. போன் எண்ணையும் எழுத்து வகையிலேயே வையுங்கள், எண்ணாக வைத்தால் முன்னால் உள்ள சுழியம் காணாமல் போகும். ஒரே போனை ஒரு வீட்டில் நாலு பேர் கொடுத்திருப்பார்கள், எனவே அதுவும் கீ ஆகாது. நீங்களே உருவாக்கும் ஓர் எண்ணை பிரைமரி கீயாக வைத்து, ஐஎஸ்பிஎன்னுக்கு யூனிக் (ஒரே மதிப்பு இரண்டு முறை வரக் கூடாது என்ற விதி) போடுங்கள். மைஎஸ்க்யூஎல்லில் யூனிக் ஃபீல்டில் எத்தனை நல் (மதிப்பே இல்லை என்ற குறி) வேண்டுமானாலும் இருக்கலாம். ஐஎஸ்பிஎன் இல்லாதவற்றுக்கு வெற்று எழுத்து போடாமல் நல் போடுங்கள். வெற்று எழுத்து போட்டால் இரண்டாவது நூலிலேயே டூப்ளிகேட் என்று நின்றுவிடும்.

அபராதத் தொகைக்கு, பின்னங்களைத் தோராயமாகச் சேமிக்கும் ஃப்ளோட் வகை வேண்டவே வேண்டாம், துல்லியமாகச் சேமிக்கும் டெசிமல் போதும்.

தலைப்பின் நீளத்தை முடிவு செய்யும்போது ஒன்றைக் கவனியுங்கள்: வார்சார் என்ற எழுத்து வகை கணக்கிடுவது யூனிகோடு குறிகளை. 'தமிழ்' நமக்கு 3 எழுத்து, டேட்டாபேஸுக்கு 5 (த, ம, இகரக் குறி, ழ, புள்ளி). 50 போதும் என்று நினைக்கும் இடத்தில் 100 வையுங்கள்.

ஏடுகட்டு எழுதியது:

ஆறு டேபிளும் போட்டாயிற்று. கடன் டேபிளில் உறுப்பினர்_எண், பிரதி_எண் சேர்ந்து பிரைமரி கீ வைத்தேன். மாதிரித் தரவில் அதே ஆள் அதே பிரதியை இரண்டாம் முறை எடுத்தால் டூப்ளிகேட் பிழை வருகிறது. இன்னொன்று, எடுத்த தேதியோடு 14 நாள் கூட்டினால் கெடு தேதி கிடைக்கிறதே, அதைத் தனியாகச் சேமிக்கலாமா?

கயிற்றுமுடிச்சு எழுதியது:

ஒரு வரி என்பது "இவரிடம் இந்தப் பிரதி" என்பதல்ல, "இவர் இந்தப் பிரதியை ஒருமுறை எடுத்தது". நிகழ்ச்சி திரும்பவும் நடக்கும். எனவே கடன்_எண் என்று தனி பிரைமரி கீ கொடுங்கள்.

ஆனால் உங்கள் பழைய கீயில் ஒரு நல்ல நோக்கம் இருந்தது, அதைக் கைவிட வேண்டாம்: வெளியே போன பிரதியை, திரும்பி வருமுன் இன்னொருவருக்குப் பதிய முடியக் கூடாது. கடன் டேபிளில் 'வெளியே_உள்ள_பிரதி' என்று ஒரு ஜெனரேட்டட் ஃபீல்டு (டேட்டாபேஸே கணக்கிட்டு நிரப்புவது) சேருங்கள். திருப்பிய_தேதி நல் என்றால் அதன் மதிப்பு பிரதி_எண், இல்லையென்றால் நல். அதற்கு யூனிக் போடுங்கள். பிரதி 118 வெளியே இருக்கும்போது 118-க்கு இன்னொரு வரி உள்ளே போகாது; திருப்பிய தேதி விழுந்ததும் அது நல் ஆகி வழிவிடும். போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸில் இதையே நிபந்தனையோடு கூடிய யூனிக் இண்டெக்ஸாக நேரடியாக எழுதலாம். இந்தச் சோதனையை அப்ளிகேஷன் கோடில் மட்டும் வைத்தால், இரண்டு கவுண்டரில் ஒரே நொடியில் பதிந்தால் இரண்டுமே தப்பிப் போகும்.

திருப்பிய தேதி எடுத்த தேதிக்கு முன்னால் வராமல் செக் (விதிக்கு ஒவ்வாத வரியை மறுக்கும் நிபந்தனை) போடுங்கள். மைஎஸ்க்யூஎல்லில் 8.0.16-க்கு முந்தைய பதிப்பு என்றால் செக்கை வாங்கிக்கொண்டு சத்தமில்லாமல் விட்டுவிடும்.

கெடு தேதியைச் சேமியுங்கள். கணக்கிடக் கூடியதைச் சேமிக்காதே என்பது பொதுவாகச் சரிதான். ஆனால் நாளை 14 நாள் 21 ஆனால், போன வருடக் கடன்களின் கெடுவும் மாறிவிடக் கூடாது அல்லவா? அன்றைக்குச் சொன்ன கெடு அன்றைய உண்மை.

சொல்லெண் எழுதியது:

ஃபாரின் கீயில் (இன்னொரு டேபிளின் வரியைச் சுட்டும் ஃபீல்டு) ஆன் டிலீட் கேஸ்கேட் (சுட்டப்படும் வரியை நீக்கினால் சுட்டும் வரிகளையும் நீக்குவது) வேண்டாம். ஓர் உறுப்பினரை நீக்கினால் அவருடைய கடன் வரலாறு முழுவதும் போய்விடும். ரெஸ்ட்ரிக்ட் (சுட்டும் வரி இருக்கும்வரை நீக்க விடாதது) வைத்து, விலகியவருக்கு 'விலகிய_தேதி' போடுங்கள்.

இனி பழைய தரவு. ஷீட்டை அப்படியே ஒரு தற்காலிக டேபிளில் ஏற்றுங்கள். பெயரின் முன்பின் இடைவெளிகளை வெட்டுங்கள். 'கோ' எழுத்தை ஒரே குறியாகவும் தட்டலாம், 'கே'க்குப் பின் துணைக்கால் வைத்தும் தட்டலாம். கண்ணுக்கு ஒன்றேதான், ஆனால் குறிகளை அப்படியே ஒப்பிடும் பைனரி ஒப்பீட்டில் இரண்டு வேறு பெயர்கள், ஒரே ஆள் இரண்டு உறுப்பினராவார். ஏற்றும் முன் எல்லாவற்றையும் என்எஃப்சி (பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோடு) வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். பெயர், போன் இரண்டும் ஒத்துப்போனால்தான் ஒரே ஆள். மற்றதைக் கையால் பார்ப்பதுதான் வழி. பிறகு உறுப்பினர், நூல், ஆசிரியர் முதலில், அடுத்து நூல்_ஆசிரியர், பிரதி, கடைசியில் கடன். வரிசை மாறினால் ஃபாரின் கீ ஏற்காது.

ஒரு சிக்கல் மிஞ்சும். பழைய வரியில் 3 புத்தகத்துக்கு ஒரே திருப்பிய தேதிதான் இருக்கிறது, எந்தப் பிரதி என்ற விவரமும் இல்லை. இல்லாத விவரத்தை ஊகித்து நிரப்ப வேண்டாம். இன்னும் திரும்பாத கடன்களை மட்டும் புது டேபிளில் ஏற்றுங்கள். அலமாரியில் எந்தப் பதிவு எண் இல்லை என்று பார்த்தால் பிரதி தெரிந்துவிடும். முடிந்துபோன கடன்களை 'பழைய_கடன்' என்று தனி டேபிளில் இருந்தபடியே விட்டுவிடுங்கள்.